அண்ணன் கையெழுத்து

அண்ணி, அண்ணன் இன்று நன்றாகச் சாப்பிட்டார். மதியம் இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு கிண்ணம் சூப், பிறகு பாதி ஆப்பிள். ஆப்பிளை நான்தான் நறுக்கிக் கொடுத்தேன். கத்தியை அவர் இப்போது தொடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "தம்பி, மழுப்பாம சொல்லுங்க. அவருக்கு எப்பவாவது குணமாகுமா, ஆகாதா?" என்று கேட்டீர்கள். போனில் பேசினால் நடுவில் நீங்கள் அழுவீர்கள், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். என் கையெழுத்தோ கோழி கிளறியது மாதிரி. அதனால் வாயால் சொல்லிப் போனையே எழுத வைக்கிறேன். பதற்றப்பட்டால் அது திணறுகிறது. நிதானமாகப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறது. அண்ணன் முன் அறையில் உட்கார்ந்திருக்கிறார். கதவைச் சாத்தியிருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தேதான் சொல்லப்போகிறேன். ஒன்றை விட்டால் மற்றது புரியாது.

அண்ணன் இருபது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போடுவார்கள். சிவப்புப் பூட்டு. அவரவர் பூட்டுக்கு அவரவரிடம் மட்டும்தான் சாவி. புதுப் பூட்டோடு வரும் இரண்டாவது சாவியை எல்லோர் முன்னாலும் சுத்தியலால் நசுக்கிவிடுவார்கள். இன்னொருவன் பூட்டை யாரும் திறப்பதில்லை, முதலாளியே ஆனாலும். ஏனென்றால் உள்ளே நிற்பவனின் உயிர் அதில் இருக்கிறது. பூட்டிய பிறகு சுவிட்சைக் கையால் தொட்டு, வாய்விட்டு "ஆஃப்" என்று சொல்ல வேண்டும். அண்ணன் ஒருநாளும் அதைச் சொல்லாமல் இறங்கியதில்லையாம். அவர் விழுந்த அன்றும் பூட்டு சரியாகத்தான் இருந்தது. ஏணிப்படியில் எண்ணெய் இருந்தது, கால் வழுக்கியது, மண்டை இரும்புச் சட்டத்தில் மோதியது. அவ்வளவுதான்.

நீங்கள் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்துவிட்டு, பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்காகவும் உங்கள் வேலைக்காகவும் ஊருக்குத் திரும்பிப் போனீர்கள். அடுத்து யார் போவது என்று வீட்டில் பேசியபோது அப்பா என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "வாரத்துல ஏழு நாளும் ஞாயித்துக்கிழமை கொண்டாடுறவன் ஒருத்தன் இருக்கானே, அவன அனுப்பு." எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இருபத்து மூன்று வயதில் மூன்று படிப்பைப் பாதியில் விட்டவன் வேறு என்ன செய்வான்?

இங்கே வந்தபோது அண்ணன் கரண்டியைக் காட்டிச் சாவி என்றார். சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு, கை போகவில்லை என்று அழுதார். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நான் யார் என்று கேட்டார். ஆறாவது வாரம் என்னைப் பார்த்துப் "பின்சீட்டு" என்றார். சின்ன வயதில் அவர் சைக்கிளின் பின்சீட்டை விட்டு இறங்காததால் எனக்கு அவர் வைத்த பெயர். அதை உடனே உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் பதிலுக்கு அழுகிற சத்தத்தை மட்டும் அனுப்பியிருந்தீர்கள். அந்தச் சந்தோஷத்தில் பொய் கிடையாது அண்ணி. அப்போது அவருக்குக் குணமாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி டீச்சர் வீட்டுக்கு வருவார். தலையில் அடிபட்டவர்களுக்கு அன்றாட வேலைகளை மறுபடி கற்றுக்கொடுப்பவர். டீ போடுவதையே எட்டுப் படியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் ஆறாவது படியில் சர்க்கரையைத் தேடுவார், ஏழாவதில் எதற்குத் தேடினோம் என்று நிற்பார். ஆனால் அடுப்பை அணைத்ததும் திருகைத் தொட்டு "ஆஃப்" என்பார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார், தலை மறந்ததைக் கை வைத்துக்கொண்டிருக்கிறது, இந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இவரை மேலே கொண்டுவந்துவிடலாம் என்று.

ஒரு நோட்டும் வைக்கச் சொன்னார். அன்றன்று நடந்ததை மாலையில் எழுத வேண்டும், மறுநாள் காலையில் அண்ணன் அதைப் படித்து, நேற்றை இன்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலில் நான்தான் எழுதினேன். அவர் நம்பவில்லை. "இது உன் கோழிக்கிறுக்கல். நீ என்ன வேணா எழுதுவ" என்று மூடிவைத்துவிட்டார். டீச்சர் யோசித்துவிட்டு, நடந்ததை நான் சொல்ல அவரே எழுதட்டும் என்றார். அது பலித்தது. காலையில் தன் கையெழுத்தைப் பார்த்தால் அண்ணன் மறுபேச்சு பேசமாட்டார். குண்டு குண்டான, சாயாத எழுத்து. லிஃப்டில் மாட்டும் எச்சரிக்கை அட்டையில் எழுதிப் பழகிய எழுத்து.

நான் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி ஆறு மாதத்துக்குத்தான் தருகிறார்கள். இவரைத் தனியாக விட முடியாது என்று டாக்டர் கடிதம் கொடுத்தால் இன்னும் ஆறு மாதம். கடிதத்துக்கு முன் டாக்டர் என்னை உட்காரவைத்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார். பேனாவை எடுத்துக்கொண்டு, நான் சொல்வதைக் குறித்துக்கொள்வார். நம் வீட்டில் ஒரு விசிறி வாங்குவதற்குக்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

பதினோராவது மாதம் அண்ணன் தனியாகக் கடைக்குப் போய்வந்தார். மீதிச் சில்லறை தப்பு என்று கடைக்காரரோடு வாதாடி ஜெயித்தும் வந்தார். அடுத்த வாரம் டீச்சர் ஒரு படிவத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். இனி இவர் தனியாக இருக்கலாம் என்று எழுதும் படிவம். அன்று காலை நான் முட்டை அவிக்க வைத்தேன். வைத்துவிட்டு, படிக்கட்டில் நின்று ஒரு நண்பனோடு போன் பேசிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனால் என்ன செய்யலாம் என்றுதான் பேச்சு. அதில் நேரம் போனது தெரியவில்லை. டீச்சர் என்னைத் தாண்டி மேலே ஏறிப்போனார். நான் பின்னால் போனபோது சமையலறை முழுக்கப் புகை, பாத்திரத்தில் முட்டை கருகி வெடித்திருந்தது. அண்ணன் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் இருந்த பக்கம் கையைக் காட்டி, கேள்வியாக என்னைப் பார்த்தார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. படிவம் திரும்பப் பைக்குள் போயிற்று.

அன்று மாலை நோட்டு எழுதும்போது அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் அடுப்புப் பக்கமே போகலடா."

"மறந்திருப்பீங்கண்ணா."

"தலை மறக்கும். என் கை மறக்காது."

"டீச்சரே பாத்தாங்கண்ணா."

கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுதினார், இன்று அடுப்பை அணைக்க மறந்தேன் என்று. மறுநாள் காலையில் அதைப் படித்தார். நேராகப் போய் அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். என் அனுமதி ஆறு மாதம் நீண்டது.

அந்த முதல் முறை என் மறதி. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மறதி இல்லை.

சில நாள் குழாயைத் திறந்துவைத்தேன். சில நாள் இஸ்திரிப் பெட்டியை, சில நாள் வாசல் கதவை. மாதத்துக்கு இரண்டு, அதற்கு மேல் போகவில்லை. அவர் உற்சாகமாக இருக்கும் நாளில் செய்ததில்லை. துணி, மாத்திரை, சாப்பாடு எதிலும் ஒருவேளை தவறியதில்லை. அவரிடம் குரலை உயர்த்திப் பேசியதும் இல்லை. ஒவ்வொரு முறையும் மாலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன், அவர் எழுதுவார். நாளாக நாளாக நான் முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இன்னிக்கு என்ன விட்டேன்?" என்று அவரே பேனாவை எடுத்துக்கொள்வார்.

டீச்சருக்கு ஒரு குழப்பம் இருந்தது. தான் வைக்கும் சோதனையில் எல்லாம் சரியாக வருகிறது, நோட்டில் மட்டும் இப்படி இருக்கிறதே என்று. ஒருநாள் நோட்டைப் புரட்டிக்கொண்டே, இதெல்லாம் தான் வராத நாளில்தான் நடக்குமா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். வெளியாள் முன்னால் கவனமாக இருந்துவிடுகிறார், வீட்டு மனுஷன் முன்னால் தளர்ந்துவிடுகிறார், எங்கள் அப்பாவும் அப்படித்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு நீங்களும் பாப்பாவும் வந்தீர்கள். மூன்று வாரம். இதில் முதல் இரண்டு வாரம் பிசகில்லாமல் போனால் குடும்பத்தோடு இங்கேயே இருக்கலாம், கம்பெனிக் கிடங்கில் லேசான வேலையும் தருவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீங்கள் வருவதற்கு முதல் நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா வர்றா. எனக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வா."

"எதுக்குண்ணா?"

"என் கைய நான் நம்பல. பூட்ட நம்புவேன்."

சமையல் கேஸ் வரும் குழாயின் திருகில் போடுவதற்குத்தான். சுவரில் கொக்கியை அவரே அடித்தார், அளவெடுத்து, ஒரு நூல் பிசகாமல். அதைப் பார்க்கும் யாரும் அவருக்கு நோய் என்று சொல்லமாட்டார்கள். பூட்டு உறையில் இரண்டு சாவி இருந்தன. தெருவில் வரும்போதே ஒன்றை எடுத்து என் பர்ஸில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. அவர் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு சாவி எங்கடா?"

"ஒண்ணுதாண்ணா வந்துச்சு."

உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தார். "இப்பல்லாம் இப்படித்தான் விக்கிறானுங்க போல" என்று சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பூட்டு விஷயத்தில் ஒரு மனுஷன் பொய் சொல்வான் என்று அவருக்குத் தெரியாது. அவர் தொழிலில் அப்படிப்பட்டவன் ஒருநாள்கூட இருக்க முடியாது.

முதல் இரண்டு வாரம் நான் ஒன்றுமே செய்யவில்லை. நீங்களே பார்த்தீர்கள். அண்ணன் பூட்டைத் திறந்து கொடுப்பார், நீங்கள் சமைப்பீர்கள், முடிந்ததும் தொட்டு "ஆஃப்" என்று பூட்டுவார். பாப்பாவும் அவர் பின்னாலேயே போய், கதவு, விளக்கு, குழாய் எல்லாவற்றையும் தொட்டு "ஆஃப்" சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சூப் வாயில் வைக்க முடியவில்லை. "உப்புப் போட மறந்தது நீ. நோட்டு மட்டும் நான் எழுதணுமா?" என்று அண்ணன் கேட்டபோது நீங்கள் கரண்டியை ஓங்கினீர்கள். வீடு மாதிரி இருந்தது.

பதினைந்தாவது நாள் டீச்சர் படிவத்தை நிரப்பினார். வியாழக்கிழமை டாக்டர் கையெழுத்துப் போடுவார். செவ்வாய் மாலை நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ரொம்ப பட்டுட்டீங்க. இனிமே நிம்மதியா வீட்டுக்குப் போங்க, உங்க வாழ்க்கைய பாக்கணும்ல" என்றீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். அன்று ராத்திரி முழுக்க, வீட்டுக்குப் போய் எந்த அறையில் உட்காருவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் ஏழு ஞாயிற்றுக்கிழமையும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

புதன்கிழமை காலை பத்தரை மணி. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். சாவி குளியலறைக்குள் ஆணியில் தொங்கும். நீங்கள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். பாப்பா முன் அறையில் தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். நான் பூட்டைத் திறந்தேன். அடுப்பைப் பற்றவைத்து வெறும் இரும்பு வாணலியை ஏற்றினேன். குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஐந்து நிமிஷத்தில் வாடை பால்கனிக்கு வரும், நீங்கள் ஓடிவந்து அணைப்பீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் போட்ட கணக்கு அதுதான்.

வாடை முன் அறைக்குத்தான் முதலில் போயிருக்கிறது. நான் படியேறி வரும்போது பாப்பாவின் குரல் கேட்டது. "ஆஃப்" என்றாள், அப்பா சொல்வது மாதிரியே அழுத்தி. அடுப்பை அவள் சரியாகத்தான் அணைத்தாள். அதற்குப் பிறகுதான் வாணலியை இறக்கிவைக்கப் பிடியைப் பிடித்திருக்கிறாள்.

அண்ணன் ஈரத்தோடு ஓடிவந்தார். நீங்கள் பாப்பாவின் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் சுவரைப் பார்த்தார். பூட்டு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினார்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு" என்றார்.

என் பக்கம் பார்க்கவே இல்லை. வேறு யாராவது மனைவியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், தம்பியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவரால் முடியவில்லை. இன்னொருவன் பூட்டை யாரும் திறப்பதில்லை. ஆகவே திறந்தது அவர்தான். "பாப்பா வீட்ல இருக்கான்னு கூடவா மறந்துட்டீங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கும் தலையை ஆட்டினார்.

அன்று மாலை நான் சொல்லாமலே எழுதினார். இன்று பாப்பா கையைச் சுட்டுவிட்டேன். இரண்டு நாளில் நீங்கள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். அவளை இனிமேல் இங்கே கூட்டிவர வேண்டாம் என்று உங்களுக்கு வந்த செய்தியை அவர் சொல்லச் சொல்ல நான்தான் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. தினமும் காலையில் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார். நோட்டு தீர்ந்து புது நோட்டு வாங்கியபோது, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து இதில் ஒட்டிக்கொண்டார். கேஸ் குழாயில் போட்ட பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். உட்கார்ந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். விளக்குப் போட வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார். "நீ பண்ணு" என்பார். எதையும் தொடாததால் "ஆஃப்" சொல்வதும் நின்றுவிட்டது. பாப்பா பிறந்தநாளுக்குக்கூட வாழ்த்து எழுதமாட்டேன் என்றுவிட்டார். டீச்சர் இப்போது மாதத்துக்கு ஒருமுறை வந்து, வாசலிலேயே என்னோடு பேசிவிட்டுப் போகிறார்.

இதையெல்லாம் இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். போன செவ்வாய்க்கிழமை நான் கடையில் வரிசையில் நின்றுவிட்டு வருவதற்கு அரைமணி நேரம் ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் வாடை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் வற்றி, அடி சிவந்துபோயிருந்தது. அண்ணன் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா இது?"

"டீ போடலாம்னு பாத்தேன்."

"அணைச்சிருக்கலாம்லண்ணா."

திருகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியலடா" என்றார்.

நான் அணைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தேன். மனசு லேசாக இருந்தது அண்ணி, அதை மறைக்கமாட்டேன். அது நான் செய்தது இல்லை. முதல் முறையாக நான் எதையும் செய்யவில்லை. டாக்டரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் அண்ணனை ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்தார். இந்த முறை ஆறு மாதம் என்று எழுதவில்லை. இவர் இருக்கும்வரை கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று எழுதினார்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். குணமாகுமா என்று கேட்டீர்கள். குணமானார். பதின்மூன்று மாதத்துக்கு முன்பு, அந்த முட்டை கருகிய காலையில், துணி மடித்துக்கொண்டிருந்தாரே, அப்போது முழுசாகக் குணமாகியிருந்தார். இப்போது இல்லை. இனி ஆகும் என்று டாக்டருக்கும் நம்பிக்கை இல்லை. நீங்கள் அங்கே பாப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், இவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என்னை விட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த நோட்டையும் உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். படித்துப் பாருங்கள். அதில் இருப்பது எதுவும் பொய் இல்லை அண்ணி. தேதியை மட்டும் கொஞ்சம் முன்னால் போட்டுவிட்டோம்.